வயது ஏறாத குழந்தை: கல்வியியல் கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களே,

ஆண்டுதோறும் நீங்கள் கற்பித்தல் பயிற்சிக்கு அனுப்பிவைக்கும் பி.எட். மாணவர்களை வகுப்பில் ஏற்றுக்கொள்ளும் தரப்பிலிருந்து இதை எழுதுகிறேன். அரசு மேல்நிலைப் பள்ளியொன்றில் அறிவியல் ஆசிரியை நான். உங்கள் ரெக்கார்டுகளில் 'வழிகாட்டி ஆசிரியர்' என்று போட்டிருக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களில் ஒருத்தி. அந்தக் கையெழுத்தைத் தாண்டி எங்களிடம் நீங்கள் எதையும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். கேட்காததால் இப்படிப் பொதுவில் எழுத வேண்டியிருக்கிறது. குறை சொல்லும் மடல்தான். கடைசியில் ஒரு வேண்டுகோளும் உண்டு, அதற்காகவாவது முழுக்கப் படித்துவிடுங்கள்.

உங்கள் மாணவர்களுக்கு இலட்சியவாதமும் யதார்த்தவாதமும் அத்துப்படி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். தாளின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் பிளேட்டோ, ஃபிரோபெல், தாகூர். வலப்பக்கம் அரிஸ்டாட்டில், கொமேனியஸ், ஹெர்பார்ட். இடப்பக்கம் ஆன்மாவும் நிலையான விழுமியங்களும். வலப்பக்கம் புலன்களும் பொருள்களும் அறிவியலும். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஐந்து வேறுபாடு, பத்துக்குப் பத்து. இதைச் சொல்லிக்கொடுக்க நீங்கள் பட்ட பாட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எங்கள் பள்ளிக்குள் வந்த இரண்டாம் வாரமே அவர்கள் பேசும் பேச்சு வேறாகிவிடுகிறது. "அதெல்லாம் புக்ல இருக்கறது மேடம், யதார்த்தம் வேற." இருபத்திரண்டு வயதில், இன்னும் ஒரு மாதச் சம்பளம்கூட வாங்காத பெண், பணி ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பவரைப் போல இதைச் சொல்கிறாள். யதார்த்தவாதத்தைப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு வந்தவள் அவள். அந்தச் சொல்லுக்கு அவளிடம் மிஞ்சியிருக்கும் பொருள் இதுதான்: ஒன்றும் நடக்காது, எதிர்பார்க்காதே.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் பூவின் பாகங்களை நினைவூட்டிவிட்டு மகரந்தச் சேர்க்கைக்குப் போகவேண்டும். பயிற்சி ஆசிரியை பெரிய சார்ட் கொண்டுவந்தார். செம்பருத்தியின் நீள்வெட்டுத் தோற்றம்; நான்கு வண்ண ஸ்கெட்ச், ஓரத்தில் பார்டர்கூட உண்டு. இரவு பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்து வரைந்ததாகச் சொன்னார். அதைக் கரும்பலகையில் மாட்டி, குச்சியை வைத்து 'இது சூலகமுடி, இது மகரந்தத்தாள்' என்று சொல்லிக்கொண்டே போனார். வகுப்பின் ஜன்னலுக்கு வெளியே, குடிதண்ணீர்க் குழாயடியில், செம்பருத்திச் செடி பூத்துக் கிடந்தது. பீரியட் முடிந்ததும், நான்கு பூவைப் பறித்து பெஞ்சுக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கலாமே என்றேன். "சார்ட்டுக்குத்தான் மேடம் மார்க்" என்றார். பொய்யில்லை. உங்கள் மதிப்பீட்டுப் படிவத்தில் துணைக்கருவி என்று ஒரு வரி இருக்கிறது. குழாயடிச் செம்பருத்தியை அந்த வரியில் எப்படிக் காட்டுவது?

வலப்பக்கப் பட்டியலில் கொமேனியஸ் பெயரை எழுதியவர்தான் அவரும். போரால் சொந்த மண்ணை விட்டுத் துரத்தப்பட்டு, திரும்பவே முடியாமல் வாழ்ந்தவர் கொமேனியஸ். பிள்ளைகளுக்கு முதலில் பொருளைக் காட்டு, பொருள் கிடைக்காத இடத்தில் அதன் படத்தைக் காட்டு என்றார். 1658-இல் நூரம்பர்க்கில் வெளியான அவருடைய படப் புத்தகத்தில் படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், பக்கத்திலுள்ள சொல்லுக்கும் அதே எண். பையன் சொல்லிலிருந்து பொருளுக்கும் பொருளிலிருந்து சொல்லுக்கும் போய்வரலாம். நம் பிள்ளைகளின் பாடநூல் படங்களில் இன்றும் பாகங்களைக் குறித்துக்காட்டும் வழக்கத்துக்கு அது மூத்த உறவு. பூவே ஜன்னலுக்கு வெளியே இருக்கும்போது பூவின் படத்தைக் காட்டியதை அவர் ஒப்பியிருக்க மாட்டார். அவருடைய பெயரை எழுதி மதிப்பெண் வாங்கிய ஒருவருக்கு இது தோன்றவில்லை என்றால், பெயரைத் தவிர வேறென்ன போய்ச் சேர்ந்திருக்கிறது?

அதே பீரியடில், மூன்றாவது பெஞ்சில் ஒரு மாணவி தூங்கிக்கொண்டிருந்தாள். பயிற்சி ஆசிரியை தன் குறிப்பேட்டில் 'கவனமின்மை' என்று எழுதினார். அதோடு விட்டிருந்தால் இந்த மடல் இன்னும் கசப்பாக இருந்திருக்கும். அவர் விடவில்லை. மறுநாள் அந்தப் பிள்ளையைத் தனியே கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். மல்லிகைக் காலத்தில் அந்தச் சிறுமி விடிவதற்கு வெகு முன்பே எழுந்து அம்மாவோடு பூப்பறிக்கப் போகிறாள். பறித்து, கொடுத்து, வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு முதல் மணிக்கு வந்துவிடுகிறாள். "மொட்டு விரியறதுக்குள்ள பறிச்சிடணும் மிஸ், விரிஞ்சிட்டா விலை போகாது" என்றாளாம். வகுப்பிலேயே பூவைப் பற்றி அதிகம் தெரிந்த ஆள், பூவைப் பற்றிய பாடத்தில் தூங்கியிருக்கிறாள்.

பயிற்சி ஆசிரியை என்னிடம் ஓடிவந்தார். "இப்ப நான் என்ன பண்ணணும் மேடம்?" அம்மாவைப் பார்த்து, பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று சொல்வதா? அந்தக் கூலியை யார் கொடுப்பது? தூங்கட்டும் என்று விடுவதா? அவளுக்குத் தெரிந்ததை வகுப்பில் பேசவைப்பதா? அப்படிப் பேசவைத்தால் அவளைப் பூப்பறிக்கும் பெண்ணாகவே வகுப்புக்குக் காட்டிவிடுகிறோமா? ஒரு பிள்ளை இன்று இருக்கும் நிலையை எவ்வளவு தூரம் ஏற்பது, அவள் ஆக வேண்டியதை யார் தீர்மானிப்பது? இதற்கு மேல் இலட்சியவாத–யதார்த்தவாத விவாதத்தில் என்ன இருக்கிறது? அந்தப் பெண் அதன் நடுவில் நின்றுகொண்டிருந்தார். பட்டியலில் ஒரு வரிகூட அவருக்கு உதவவில்லை.

பிறகு நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. பயிற்சி முடியும் வாரம் தனியாள் ஆய்வு ரெக்கார்டைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தார். மல்லிகைப் பிள்ளையைப் பற்றி எழுதியிருப்பார் என்று ஆசையோடு பிரித்தேன். இல்லை. 'மாணவர் எக்ஸ், வயது 14, தந்தை குடிப்பழக்கம் உள்ளவர், தாய் கூலித் தொழிலாளி, கணக்குப் பாடத்தில் பின்தங்கியவர். ஆலோசனை வழங்கப்பட்டது. முன்னேற்றம் காணப்பட்டது.' இந்த எக்ஸை எனக்கு நன்றாகத் தெரியும். சீனியர் ரெக்கார்டிலிருந்து ஜூனியர் ரெக்கார்டுக்கு வருடா வருடம் இறங்கி வருகிறான். வயது ஏறுவதில்லை, அப்பா குடியை விடுவதில்லை, ஓர் எழுத்துப்பிழைகூட அப்படியே கூட வருகிறது. பிளேட்டோ பார்த்திருந்தால் அகமகிழ்ந்திருப்பார்: மாற்றமில்லாத, அழிவில்லாத, பூரணமான மெல்லக் கற்கும் மாணவன்! ஏம்மா இப்படி என்று கேட்டதற்கு, "ஃபார்மட்ல அதுக்கு இடமில்ல மேடம், ரெக்கார்ட் திரும்பி வந்துடும்" என்றார். கண்ணால் ஒரு குழந்தையைக் கண்டுபிடித்த ஆசிரியை, உங்களுக்காக அந்தக் குழந்தையை அழித்துவிட்டு இல்லாத ஒருவனை எழுதினார். இந்த எக்ஸுக்குக் கீழே கல்லூரியின் கையெழுத்தும் இருக்கிறது. இதை நீங்கள் ஒருநாளும் கவனித்ததே இல்லை என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் பக்கத்தையும் மறைக்கப்போவதில்லை. உங்கள் மாணவர்கள் 'யதார்த்தம் வேற' என்று கற்றுக்கொள்வது எங்கள் ஆசிரியர் அறையில்தான். 'இவன் பத்தாவதைத் தாண்ட மாட்டான்', 'இவங்க அப்பன் என்ன செய்றான் தெரியும்ல' என்ற பேச்சு டீயோடு சேர்ந்து ஓடும். அனுபவத்தின் குரல் என்று பயிற்சிப் பிள்ளைகள் அதை வாய் பிளந்து கேட்பார்கள். இதற்கும் யதார்த்தவாதத்துக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பவேண்டியவர்கள் நீங்கள். உங்கள் வலப்பக்கத்தின் தலைமகன் அரிஸ்டாட்டில். ஒரு பொருள் இப்போது என்னவாக இருக்கிறது என்பதோடு, அது என்னவாக ஆகக்கூடும் என்பதையும் அதன் உண்மையிலேயே சேர்த்தவர் அவர். அவர் கணக்கில், ஒரு பையனின் திறனைப் பாராமலே 'தாண்ட மாட்டான்' என்று சொல்பவர் பாதிப் பையனைத்தான் பார்த்திருக்கிறார். இடப்பக்கத்துப் பிளேட்டோவோ பிள்ளைகளைத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரித்தவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அவர்கூட, வெண்கலப் பெற்றோருக்குத் தங்கப் பிள்ளை பிறக்கலாம், பிறந்தால் மேலே கொண்டுவந்தே தீரவேண்டும் என்று விதித்தார். 'இவங்க அப்பன்' என்று தொடங்கும் வாக்கியம் 2,400 ஆண்டுக்கு முந்தைய கிரேக்கத்திலேயே செல்லாது.

இதைச் சொல்லிக்கொடுக்க ஏதென்ஸுக்குப் போக வேண்டியதுகூட இல்லை. 1953-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் உங்கள் வகுப்பில் என்றைக்காவது மெய்யியல் பாடமாக நடந்திருக்கிறதா? கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் நாளுக்கு மூன்று மணி நேரம் வகுப்பு. மிச்ச நேரம் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்கவேண்டும். ஆதரித்தவர்கள் கையில் யதார்த்தம் இருந்தது: பள்ளிகள் போதாது, ஆசிரியர்கள் போதாது, பணம் இல்லை, ஒரே கட்டடத்தில் இரண்டு முறை வகுப்பு நடத்தினால் இரண்டு மடங்குப் பிள்ளைகள் படிக்கலாம். இலட்சியமும் இருந்தது: உழைப்புக்கு மரியாதை, கைத்தொழில் வழிக் கல்வி, 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியின் சாயல். எதிர்த்தவர்களிடமும் இரண்டும் இருந்தன. அப்பன் தொழில் என்பது இந்த மண்ணில் சாதி என்ற யதார்த்தம். எந்த வீட்டில் பிறந்த பிள்ளையும் எதுவாகவும் ஆகலாம் என்ற இலட்சியம். பெரியாரும் மற்றவர்களும் குலக்கல்வி என்று பெயர் சூட்டி எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

இப்போது நடுக்கோட்டைப் போட்டுப் பாருங்கள். யாரை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்? என் தீர்ப்பைக் கேட்டால், அந்தத் திட்டத்தின் யதார்த்தம் அரைகுறை யதார்த்தம். கட்டடத்தை எண்ணினார்கள், ஆசிரியரை எண்ணினார்கள், சாதியை எண்ணவில்லை. நீங்கள் மாறுபடலாம். உங்கள் மாணவர்கள் ஒரு மணி நேரம் இதற்காக மோதிக்கொள்ளட்டும். அந்த ஒரு மணி நேரம் பத்து வேறுபாடுகளைவிட மேலான பாடமாக இருக்கும். அதன் தொடர்ச்சியாகச் சோற்றைப் பற்றியும் பேசலாம். 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. 1956-இல் காமராஜர், 1982-இல் எம்.ஜி.ஆர்., 2022-இல் காலை உணவு. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்று ஒப்புக்கொண்டவர்கள் பசியை ஏற்றுக்கொள்ளவில்லை. 'பணம் இல்லை' என்ற அதே ஏழை மாநிலத்தில், அந்த மூன்று மணி நேரத் திட்டத்தைக் கைவிட்ட இரண்டே ஆண்டில் சோறும் போட்டார்கள். இந்த வரலாற்றைத் திட்டங்களின் பட்டியலாக, ஆண்டு வாரியாக, வேறொரு தாளில் படிக்கவைக்கிறோம்.

உங்கள் கோட்டின் இருபுறமும் இருப்பவர்களே அந்தக் கோட்டை மதித்ததில்லை என்பதுதான் வேடிக்கை. இலட்சியவாதி ஃபிரோபெல் குழந்தைகளின் கையில் கொடுத்தவை பந்தும் உருளையும் மரக் கனசதுரமும். கடவுளை விட்டு ஒரு வரி எழுதாத அந்த மனிதருடைய கிண்டர்கார்டன்களை 1851-இல் பிரஷ்ய அரசு நாத்திகம் வளர்ப்பதாகச் சொல்லித் தடை செய்தது வேறு கதை. யதார்த்தவாதி ஹெர்பார்ட்டுக்குக் கல்வியின் முடிவான நோக்கம் ஒழுக்கம். ஊக்கமூட்டல், பாடம் அளித்தல் என்று உங்கள் மாணவர்கள் லெசன் பிளானில் எழுதும் ஐந்து படிகள் அவருடைய நான்கிலிருந்து அவர் வழிவந்தவர்கள் பெருக்கியவை. ஒழுக்கத்துக்காக வந்த படிகளை, ஒழுக்கத்தை இடப்பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு, வலப்பக்கத்தில் ஏறிக்கொண்டிருக்கிறோம். பிளேட்டோவும் அப்படியே. முப்பத்தைந்து வயதுவரை கணிதமும் தருக்கமும் படித்தவர்களைப் பதினைந்து ஆண்டுகள் பொறுப்புகளில் போட்டுப் புடம்போட்ட பிறகே ஆளத் தகுந்தவர்கள் என்று ஏற்றார். உலகத்தைத் தள்ளிவைத்தவர் செய்கிற காரியமா இது? நம் பி.எட். 2015-இல் இரண்டாண்டாக நீண்டபோது பள்ளியில் இருக்கும் காலமும் நீண்டது. இரண்டாமாண்டில் மட்டும் 16 வாரம். பிளேட்டோவின் 15 ஆண்டுக்கு முன் இது தூசு. இருந்தாலும் முன்பு இருந்ததை நினைத்தால் பெரிய வரம். அந்த 16 வாரத்தையும் சார்ட்டும் ரெக்கார்டும் தின்றுவிடுகின்றன.

நீங்கள் சொல்லக்கூடிய பதில்களை நான் ஊகிக்கிறேன். பாடத்திட்டம் பல்கலைக்கழகம் வகுப்பது. உண்மை. ஆனால் வினாத்தாள் எழுதுகிறவர்களும் விடைத்தாள் திருத்துகிறவர்களும் உங்களில் சிலர்தானே? அகமதிப்பீடு முழுக்க உங்கள் கையில் இருக்கிறதே? வகுப்புக்கே வராமல் பட்டம் வாங்கிப் போகிறவர்கள் உண்டு என்பீர்கள். அவர்களை நான் கணக்கில் எடுக்கவில்லை, வருகிறவர்களுக்காகத்தான் கேட்கிறேன். சுயநிதிக் கல்லூரிகளில் உங்களில் பலருக்குக் கிடைக்கும் சம்பளத்தைச் சொன்னால் வெளியில் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதும் தெரியும். பார்வையிட வரும் நாளில் மூன்று பள்ளிக்கு ஒரே காலையில் ஓட வேண்டியிருக்கிறது, பஸ் காசுகூட எல்லா நிர்வாகமும் தருவதில்லை. இதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் செலவில்லாத ஒன்றை மட்டும் கேட்கிறேன்.

இந்த ஆண்டு முதல் எக்ஸின் ரெக்கார்டில் கையெழுத்துப் போடாதீர்கள். பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரும் தன் வகுப்பிலுள்ள ஒரே ஒரு நிஜக் குழந்தையைப் பதினாறு வாரமும் கவனித்து எழுதட்டும். பெயரையும் ஊரையும் மாற்றிவிடட்டும். மற்றதெல்லாம் கண்டதாக இருக்கட்டும். முதல் பாதியில் தீர்ப்பே வேண்டாம்: எப்போது தூங்குகிறாள், எதைக் கேட்டால் நிமிர்கிறாள், சத்துணவில் எதை ஒதுக்குகிறாள், நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்ன கிறுக்குகிறாள். பிற்பாதியில், இவள் என்னவாக வேண்டும் என்று நான் நினைக்கிறேன், அவள் என்ன நினைக்கிறாள், அவள் அம்மா என்ன நினைக்கிறார், மூன்றும் மோதும்போது நான் என்ன செய்தேன் என்று எழுதட்டும். 'முன்னேற்றம் காணப்பட்டது' என்று முடிக்க வேண்டிய கட்டாயத்தை எடுத்துவிடுங்கள். ஒன்றும் மாறவில்லை என்று நேர்மையாக எழுதியவருக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள்.

பயிற்சி முடிந்து அவர்கள் கல்லூரிக்குத் திரும்பியதும், அந்த நோட்டுகளை மேசைமேல் வைத்துக்கொண்டு மெய்யியல் பாடத்தை ஒருமுறை புதிதாக நடத்துங்கள். பிளேட்டோவும் கொமேனியஸும் அப்போது உள்ளே வரட்டும். மல்லிகைப் பிள்ளையைப் பற்றி ஒருவர் படிக்க, இதில் நீ யார் பக்கம் என்று நீங்கள் கேட்க, வகுப்பு இரண்டாகப் பிரியட்டும். தேர்வில் வேறுபாடுகள் கேள்வி வந்தால் எழுதிவிட்டுப் போகட்டும், அதற்கு ஒருநாள் படிப்பு போதும்.

இதில் எங்கள் பங்கு என்னவென்று கேட்பீர்கள். உங்கள் மாணவருக்குக் குழந்தையைத் தேர்ந்தெடுக்க நான் உதவுகிறேன், வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டியிருந்தால் கூடப் போகிறேன், நோட்டை வாராவாரம் படித்து ஓரத்தில் எழுதியும் கொடுக்கிறேன். என்னைப் போன்றவர்கள் எல்லாப் பள்ளியிலும் ஓரிருவராவது இருக்கிறார்கள். கேட்டால் மறுக்க மாட்டார்கள். அடுத்த முறை பார்வையிட வரும்போது பத்து நிமிடத்தில் எழுந்துவிடாமல் ஒரு பீரியட் முழுக்க உட்காருங்கள், பிறகு ஆசிரியர் அறைக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம். தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்குவது என் பொறுப்பு. நீங்கள் வரும் தேதியை மட்டும் ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வழிகாட்டி ஆசிரியர்களில் ஒருத்தி